எழுந்து நடப்பதா, வெளியே போவதா? வேலூரின் 70 ஆண்டுக் கேள்வி

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவர் திடீரென்று எழுந்து நிற்கிறார். கால்களின் இரு பக்கமும் உலோகச் சட்டம், இடுப்பில் மோட்டார், முதுகில் பேட்டரி. கையில் இரண்டு ஊன்றுகோல். ஓர் அடி, இன்னோர் அடி. சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள். இப்படி ஒரு வீடியோவை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் எக்ஸோஸ்கெலிட்டன் என்று பெயர். நண்டுக்கும் வண்டுக்கும் உடம்புக்கு வெளியே இருக்கும் கூட்டைப் பள்ளிப் புத்தகத்தில் 'புறச்சட்டகம்' என்று படித்தோமே, அதே சொல்தான். இங்கே மனிதனுக்கு வெளியே மாட்டுகிறார்கள். அதனால் ரோபோ சட்டகம் என்றே சொல்லலாம்.

கை தட்டல் முடிந்த பிறகு என்ன நடக்கிறது? அவர் மறுநாள் காலை அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாரா? கடைக்குப் போகிறாரா? வீடியோவில் இது வராது. ஆனால் இந்தக் கேள்வியை நம் வேலூரில் ஒரு பெண் 1950களிலேயே தன் உடம்பை வைத்தே கேட்டுப் பதிலும் கண்டுபிடித்துவிட்டார். ரோபோ என்ற சொல்லே இங்கே பலருக்குத் தெரியாத காலம் அது.

அவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925ல் கொச்சிக்கு அருகில் செராயில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது நம் சி.எம்.சி.யில், மருத்துவம் படித்தார். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு வண்டியில் போகும்போது விபத்து. முகத்தில் காயம், முதுகுத் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 28.

தண்டுவடம் அடிபட்டால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். முதல் உலகப் போரில் இப்படி அடிபட்ட வீரர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களிலோ சில வருடங்களிலோ இறந்து போனார்கள். தண்டுவடக் காயம் நேரடியாகக் கொன்றவர்களை விட, அதற்குப் பிறகு வந்த படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொன்றவர்களே அதிகம். உணர்வில்லாத தோலில் ஒரே இடத்தில் சில மணி நேரம் அழுத்தம் விழுந்தாலே புண் வரும், வலிக்காததால் தெரியாது. சிறுநீர்ப்பை நிறைந்ததும் தெரியாது. அது பின்னுக்குத் தள்ளிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இந்தக் கணக்கை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மான். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த மருத்துவர். 1944ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவருடைய 'கண்டுபிடிப்பு' என்ன தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வை, இரவிலும் கூட. சிறுநீரைச் சுத்தமாக எடு. பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடு, விளையாட விடு. 1948ல் அவர் அங்கே நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பிறகு பாராலிம்பிக்ஸ் ஆயிற்று. மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஆட்கள் பிழைத்தார்கள், அவ்வளவுதான்.

மேரி வர்கீஸ் அடிபட்டபோது இந்த அறிவு இந்தியாவில் இன்னும் பரவவில்லை. சி.எம்.சி.யில் அப்போது டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை, வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மறுபடி நிமிர வைக்கும் அறுவை சிகிச்சையில் உலக அளவில் முன்னோடி. அவர் மேரியிடம் சொன்ன யோசனை இன்று கேட்டாலும் ஆச்சரியமாக இருக்கிறது: நீ அறுவை சிகிச்சை நிபுணர் ஆகலாம்.

கொஞ்சம் யோசித்தால் அதில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் தெரியும். வயிற்று ஆபரேஷனுக்கு மணிக்கணக்காக நிற்க வேண்டும். கை ஆபரேஷனுக்கு வேண்டாம். நோயாளியின் கை ஒரு சின்ன மேஜையில் இருக்கும், டாக்டர் உட்கார்ந்தே செய்வார். அது உட்கார்ந்து செய்யும் வேலை! பிராண்ட் கால்களை மாற்றப் பார்க்கவில்லை. இருக்கிற உடம்புக்குப் பொருந்தும் வேலையைத் தேடினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நடக்க முடியாத டாக்டர், பிடிக்க முடியாத கைகளைப் பிடிக்க வைத்தார்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அங்கிருந்து அவர் ஒரு முடிவோடு வந்தார் என்று சொல்லலாம். தனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும் என்ற துறையைப் படித்தார். 1960களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறையின் தலைவரானார். 1966 நவம்பர் 26 அன்று பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இப்படி ஓர் இடம் இந்தியாவிலேயே முதல் முறை. 1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ. 1986ல் மறைந்தார்.

பாகாயத்துக்கு யார் வந்தார்கள், வருகிறார்கள்? மேலை நாட்டு மருத்துவப் புத்தகத்தில் கார் விபத்து என்று போட்டிருக்கும். நம் ஊரில் அதோடு தென்னை மரம், பனை மரம், சுற்றுச் சுவர் இல்லாத கிணறு, கட்டட வேலைச் சாரம் எல்லாம் உண்டு. பெரும்பாலும் சம்பாதிக்கிற வயதில் இருக்கும் ஆண்கள். ஆகவே ஒருவர் விழுந்தால் ஒரு குடும்பத்தின் வரவுப் பக்கம் அப்படியே காலியாகிறது, செலவுப் பக்கம் இரண்டு மடங்கு. அதனால்தான் பாகாயத்தில் கூட வரும் அம்மாவுக்கும் மனைவிக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பது முக்கியமாயிற்று. எப்படித் திருப்புவது, எங்கே சிவந்திருக்கிறது என்று பார்ப்பது, குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பது... இந்தக் கடைசி விஷயத்தில் 1972ல் அமெரிக்காவில் ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் ஒன்று சொன்னார்: கிருமியே இல்லாத அளவுக்குப் போக வேண்டாம், கையைச் சுத்தமாகக் கழுவி, குறித்த நேரத்துக்கு ஒரு முறை தானே எடுத்தால் போதும். மலிவான குழாய், சோப்பு, கடிகாரம். தண்டுவடம் அடிபட்டவர்களை வீட்டை விட்டு வெளியே போக வைத்ததில் இந்தக் குழாய்க்கு இருக்கும் பங்கு எந்த ரோபோவுக்கும் இன்னும் இல்லை. ஆனால் இதைப் பற்றி யார் வீடியோ எடுப்பார்கள்?

அப்படியானால் நடப்பதை யாரும் முயலவே இல்லையா? முயன்றார்கள். ரோபோவுக்கு முன்னால் காலிப்பர் இருந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முழங்காலில் பூட்டு, தொடையிலும் முழங்காலிலும் தோல் பட்டை, அடியில் கம்பி செருகும் துளையோடு ஒரு பூட்ஸ். பூட்டைப் போட்டுக் காலை விறைப்பாக்கி, ஊன்றுகோலில் உடம்பைத் தூக்கித் தூக்கி வீச வேண்டும். இதில் பாதி தோல் வேலைதான் என்பது வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். ஆனால் காலிப்பரில் நடப்பது தோளுக்கும் மூச்சுக்கும் பெரிய வேலை. பலர் கற்றுக்கொண்டு, வீட்டுக்குப் போய், சில மாதங்களில் மூலையில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். அது சோம்பல் அல்ல. நாற்காலி சீக்கிரம் போகிறது, கை காலியாக இருக்கிறது, மடியில் பையை வைத்துக் கொள்ளலாம்.

மோட்டார் வைத்த கதை யூகோஸ்லாவியாவில் தொடங்குகிறது. பெல்கிரேடில் மிஹைலோ புபின் நிறுவனத்தில் மியோமிர் வுகோப்ரடோவிச் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் 1969 வாக்கில் நடக்கும் சட்டகத்தைச் செய்து, 1970களின் தொடக்கத்தில் கால் செயலிழந்தவர்களுக்கு மாட்டிப் பார்த்தார்கள். காற்றழுத்தத்தில் இயங்கியது. கணினியும் மின்சாரமும் வெளியே இருந்தன. அதாவது மனிதன் நடந்தான், ஆனால் வயர் போகும் தூரம் வரைதான்.

வயரை அறுத்தவர் இஸ்ரேலைச் சேர்ந்த அமித் கோஃபர். பொறியாளர். 1997ல் ஒரு விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இவ்வளவு முன்னேறிய உலகத்தில் சக்கர நாற்காலி தவிர வேறு எதுவுமே இல்லையா என்ற எரிச்சலில் 'ரீவாக்' சட்டகத்தை உருவாக்கினார். மார்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் சென்சார் அதைப் புரிந்துகொண்டு மோட்டாரை ஓட்டி ஒரு காலை எடுத்து வைக்கும். 2012ல் கிளேர் லோமாஸ் என்ற ஆங்கிலேயப் பெண் இதை அணிந்து லண்டன் மாரத்தான் தூரத்தை இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்து நடந்து முடித்தார். 2014 ஜூனில் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ., வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்த அனுமதி தந்தது. அதே மாதம் பிரேசிலில் உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில் வேறொரு சட்டகம் அணிந்த இளைஞர் பந்தை உதைத்தார்.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்று உண்டு. ரீவாக்கை ஓட்ட ஊன்றுகோலைப் பிடிக்கும் கை வேண்டும். கோஃபருக்குக் கையும் செயலிழந்திருந்தது. ஆகவே தான் கண்டுபிடித்த இயந்திரத்தை அவரே பயன்படுத்த முடியவில்லை! அவர் பிறகு என்ன செய்தார்? உட்காரவும் நிற்கவும் வைக்கும் ஒரு சக்கர நாற்காலியை உருவாக்கினார். உலகின் புகழ்பெற்ற ரோபோ சட்டகத்தைச் செய்தவரே கடைசியில் நாற்காலிக்குத்தான் திரும்பி வந்தார்.

மற்றவர்களுக்காவது அன்றாடம் உதவுகிறதா? எஃப்.டி.ஏ. அனுமதியை வாசித்தாலே தெரியும். மார்புத் தண்டின் 7ஆவது எலும்புக்குக் கீழே அடிபட்டவர்களுக்குத்தான் வீட்டில் அனுமதி. பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். படி ஏறவும் நடைபாதை விளிம்பு தாண்டவும் 2023ல்தான் அனுமதி வந்தது. வேகம்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015ல் கனடாவில் வெளியிட்ட கணக்குப்படி, இத்தகைய சட்டகங்களில் நடப்பவர்களின் சராசரி நொடிக்கு 0.26 மீட்டர். ஒரு மணி நேரம் நிற்காமல் நடந்தால் ஒரு கிலோமீட்டர் கூட வராது. ஆம்பூரில் பெங்களூர் நெடுஞ்சாலையை இந்த வேகத்தில் கடப்பதை நினைத்துப் பாருங்கள். (வேண்டாம், நினைக்காதீர்கள்.)

இன்னும் இரண்டு விஷயம். பல வருடம் நிற்காத கால் எலும்பு மெலிந்து போயிருக்கும், சட்டகம் மாட்டும்போது முறியலாம். பட்டை அழுத்தும் இடத்தில் புண் வரலாம். வலிக்காததால் கழற்றிய பிறகே தெரியும். குட்மான் காலத்து எதிரிதான், புது வேஷத்தில்.

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். தினமும் சிறிது நேரம் நிற்பதும் நடப்பதும் குடல் இயக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் நல்லது என்று பயன்படுத்தியவர்கள் பலர் சொல்கிறார்கள். எதிரில் இருப்பவரின் கண்ணுக்கு நேராகக் கண் வைத்துப் பேசும் சந்தோஷம் ஒன்று இருக்கிறது. அதை ரூபாயில் எழுத முடியாது. மறுவாழ்வு மையத்தில் ஒரே இயந்திரத்தைப் பலர் முறை வைத்துப் பயன்படுத்தினால் அதற்கு இடம் உண்டு. ஒருவர் வீட்டில், ஒரு தெருவில், தினசரி வாகனமாக என்றால்தான் கணக்கு உதைக்கிறது.

உதைக்கும் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2024ல் அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், ரீவாக்குக்கு நிர்ணயித்த தொகை 91,032 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 75 லட்சம் ரூபாய். இனி சென்னை ஐ.ஐ.டி.க்கு வருவோம். அங்கே பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான மையம் 2019ல் 'அரைஸ்' என்ற நாற்காலியை வெளியிட்டது. உட்கார்ந்திருப்பவர் நெம்புகோலை இயக்கித் தானே எழுந்து நிற்கலாம். மோட்டார் இல்லை. விலை சுமார் 15,000 ரூபாய். ஒரு ரோபோ சட்டகத்தின் விலையில் 500 பேர் எழுந்து நிற்கலாம்! அதே மையத்திலிருந்து 2021ல் 'நியோஃபிளை' என்ற அளவெடுத்துச் செய்யும் நாற்காலியும், அதன் முன்னால் மாட்டினால் ஸ்கூட்டர் போல் ஓடும் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் பாகமும் வந்தன. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், ஒரு சார்ஜில் சுமார் 25 கிலோமீட்டர் தூரம். அந்தச் சட்டகத்தைப் போல 25 மடங்குக்கு மேல் வேகம்.

விலை ஒரு பக்கம். விற்ற பிறகு யார் பார்ப்பது என்பது இன்னொரு பக்கம். 2024ல் அமெரிக்காவில் ஒருவரின் சட்டகம் நின்று போனது. கோளாறு இயந்திரத்தில் கூட இல்லை, அதை இயக்கும் கைக்கடிகாரம் போன்ற சின்னப் பாகத்தின் பேட்டரியில். ஐந்து வருடத்துக்கு மேல் பழைய இயந்திரத்தைப் பழுது பார்ப்பதில்லை என்று நிறுவனம் முதலில் சொல்லிவிட்டது. அவர் பத்திரிகை, தொலைக்காட்சி என்று போன பிறகே சரி செய்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் அவர் நடக்கவில்லை. சக்கர நாற்காலிக்குப் பஞ்சர் ஆனால் வாலாஜாவிலும் ஒட்டலாம், பேரணாம்பட்டிலும் ஒட்டலாம்.

சரி, அடிபட்டவர்கள் என்ன கேட்கிறார்கள்? இதை யாருமே கேட்காமல் எல்லாரும் கால் செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் கூத்து. 2004ல் கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் (அவரும் தண்டுவடம் அடிபட்டவரே) 681 பேரிடம் கேட்டு வெளியிட்டார். எது திரும்பி வந்தால் வாழ்க்கை மேம்படும்? கையும் காலும் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சொன்ன முதல் பதில்: கை. கால் மட்டும் போனவர்களிடம் கூட நடப்பது முதலிடம் பெறவில்லை; தாம்பத்தியம் முதலில் வந்தது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இரண்டு தரப்புக்குமே பெரிய கவலை.

இந்தப் பதிலை வைத்துப் பார்த்தால் வேலூரில் ரோபோ முதலில் எங்கே போயிற்று என்பது தற்செயலாகத் தோன்றாது. சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய மறுவாழ்வு ரோபோவின் பெயர் 'ப்ளூட்டோ'. மேஜை மேல் வைக்கும் அளவுக்குச் சிறியது. பக்கவாதத்திலோ தண்டுவடக் காயத்திலோ பலவீனமான கைக்குத் திரையில் விளையாட்டுக் காட்டிப் பயிற்சி தருகிறது. காலுக்கு அல்ல, கைக்கு!

இப்போது ஆம்பூருக்குப் போகலாம். இந்தப் பகுதியில் ஷூ கம்பெனிகள்தான் சோறு. விடியற்காலையில் கிராமம் கிராமமாக வேனும் பஸ்ஸும் வந்து ஆட்களை, முக்கியமாகப் பெண்களை, ஏற்றிப் போகின்றன. ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைப்பது எப்படிப்பட்ட வேலை? உட்கார்ந்து செய்யும் வேலை! பால் பிராண்ட் 1950களில் மேரி வர்கீஸுக்காகத் தேடியது போன்ற ஒன்று இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கை நன்றாக இருந்தால் போதும். தடை எங்கே? தையல் மிஷினின் பெடல் காலில் இருக்கிறது. அதைக் கைக்கோ முழங்கைக்கோ மாற்ற ரோபோ விஞ்ஞானி தேவையில்லை, நல்ல மெக்கானிக் போதும். அடுத்த தடை வேனின் படி. அதற்கடுத்தது சக்கர நாற்காலி நுழையாத கழிவறைக் கதவு.

இந்த மூன்றும் மாறாவிட்டால் அவருக்கு மிஞ்சுவது வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கும் வேலை. ஆம்பூரைச் சுற்றி அதுவும் நிறைய நடக்கிறது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே ஊசி, ஒரே ஷூ. ஆனால் கம்பெனிக்குள் தைப்பவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, வீட்டில் தைப்பவருக்குப் பொதுவாக இல்லை. ஒரு படியின் உயரம் ஒரு மனிதனைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது, விதிகள் 2017ல். பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற 5 ஆண்டு அவகாசம் தந்தார்கள். அது 2022லேயே முடிந்துவிட்டது. தமிழக அரசு தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு பேட்டரி சக்கர நாற்காலியும், கால் செயலிழந்தவர்களுக்குப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரும் இலவசமாகத் தருகிறது. அந்த ஸ்கூட்டரை எளிதாக எடை போட வேண்டாம். மாரத்தான் ஓடாது, செய்தியில் வராது, ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகும்.

ஸ்கூட்டரில் கம்பெனி வாசல் வரை வந்தாயிற்று. பின்னால் கட்டிவந்த நாற்காலியை இறக்கித் தர ஒருவர் வேண்டும். உள்ளே போக, மூன்று படிக்கு மேல் சிமெண்டில் ஒரு சரிவுப் பாதை போட வேண்டும். இரண்டு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் மணல், ஜல்லி, ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி.